200 அடி உயரத்தில் எச்சரிக்கை ஒலித்தால் என்ன செய்வது? பில்பாவோ, சார்லட், ராஸ்தோவ் விபத்துகளை வைத்து ஒரு விவாதம்

ஓடுபாதை_நோக்கர்

வணக்கம் நண்பர்களே. காற்று மாறி மாறி அடிக்கும் நாளில், தரையிறங்கும் கடைசி நிமிடத்தில் காக்பிட்டில், அதாவது பைலட் அறையில், எச்சரிக்கை ஒலித்தால் என்ன செய்ய வேண்டும்? பயிற்சியில் சொல்லித்தரும் பதில் ஒரே வரி: சந்தேகம் வந்தால் கோ-அரவுண்ட், அதாவது இறங்குவதைக் கைவிட்டு மேலே ஏறு. இந்த வரியோடு விஷயம் முடிந்துவிடவில்லை என்று காட்டிய ஒரு விபத்தைப் பேசத்தான் இந்த இழை.

2001 பிப்ரவரி 7 இரவு, பார்சிலோனாவிலிருந்து ஸ்பெயினின் வடக்கே இருக்கும் பில்பாவோவுக்கு வந்த ஐபீரியா ஏர்பஸ் 320. உள்ளே 143 பேர். ஓடுபாதையை நெருங்க நெருங்கக் கொந்தளிப்பு கூடியது. கடைசி சில நொடிகளில் காற்று முதலில் மேலே தள்ளி, உடனே கீழே இழுத்தது. தரை நெருக்க எச்சரிக்கைக் கருவி "சிங்க் ரேட்" (இறங்கும் வேகம் அதிகம்) என்று கூவியது. கேப்டன் தயங்கவில்லை. இன்ஜினின் உந்துவிசையைக் கூட்டும் த்ரஸ்ட் லீவரை முழுவதும் முன்னே தள்ளி, மூக்கை ஏற்றி இறக்கும் கைப்பிடியான சைட்ஸ்டிக்கைப் பின்னால் இழுத்தார். ஆனால் விமானம் மூக்கைத் தூக்கவில்லை. இறக்கை ஸ்டால் ஆகிவிடக்கூடாது, அதாவது தூக்கும் சக்தியை இழந்துவிடக்கூடாது என்பதற்காகக் கணினியில் எழுதப்பட்டிருந்த தாக்குகோணப் பாதுகாப்பு (இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் எல்லை மீறாமல் தடுப்பது) குறுக்கே வந்து, அவர் கேட்ட அளவுக்கு மூக்கை உயர விடவில்லை. நிமிடத்துக்குச் சுமார் 1,200 அடி வேகத்தில் விமானம் தரையில் மோதியது. மூக்குச் சக்கரம் முறிந்தது. உயிர்ச்சேதம் இல்லை, ஆனால் அந்த விமானம் அதற்குப் பிறகு பறக்கவே இல்லை.

எச்சரிக்கை வந்தது, உடனே கீழ்ப்படிந்தார், அப்படியும் மோதியது. இதைப் படித்த பிறகு நான் வந்து சேர்ந்த கருத்து இது: எச்சரிக்கை ஒலிக்கும் நொடி முடிவெடுக்கும் நொடி அல்ல. எந்த ஒலிக்கு என்ன செய்வது என்பது 10,000 அடிக்கு மேலேயே இரண்டு பைலட்டுகளுக்கும் இடையில் பேசி முடிந்திருக்க வேண்டும். 200 அடியில் அதைச் செய்வது மட்டும்தான் மிச்சம் இருக்க வேண்டும். காக்பிட்டில் வேலை பார்ப்பவர்கள் இதை ஒப்புக்கொள்கிறீர்களா?

சன்னல்_இருக்கை

நல்ல இழை. நான் பைலட் இல்லை, வேலைக்காக அடிக்கடி பறப்பவள். ஒரு அடிப்படைக் கேள்வி. அந்த நேரத்தில் காக்பிட்டில் எத்தனை விதமான ஒலி வரும்? எல்லாவற்றுக்கும் மேலே ஏற வேண்டுமென்றால் எந்த விமானமும் தரையிறங்காதே?

கதிர்320

அக்கா, சரியான கேள்வி. நான் ஏர்பஸ் 320ல் ஃபர்ஸ்ட் ஆபீசர் (துணை பைலட்). எங்கள் விமானத்தை வைத்துச் சொல்கிறேன்.

முதலில், விமானமே பாதி எச்சரிக்கைகளை அடக்கி வைத்துவிடும். 800 அடிக்குக் கீழே வந்ததும் திரையில் "லேண்டிங் இன்ஹிபிட்" என்று ஒரு வரி தோன்றும். அதிலிருந்து, தரையிறங்கி வேகம் 80 நாட்டுக்கு (ஒரு நாட் என்பது மணிக்குச் சுமார் 1.85 கி.மீ.) குறையும் வரை, அவசரமில்லாத பழுதுகளைக் கணினி சொல்லவே சொல்லாது. ஏதோ ஒரு பம்ப், ஏதோ ஒரு குளிரூட்டி, ஒரு கணினியின் ஒரு சேனல் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஆகவே அந்த உயரத்தில் ஒரு சத்தம் வருகிறது என்றாலே, வடிவமைத்தவர்கள் உட்கார்ந்து யோசித்து 'இதை மட்டும் இப்போதும் சொல்லியே ஆக வேண்டும்' என்று விட்டுவைத்த சத்தம் அது. இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டாலே "இதென்ன, பொய் எச்சரிக்கையாக இருக்குமோ" என்ற எண்ணம் பாதி குறையும்.

மிச்சம் இருப்பவற்றில் குரலாக வருபவை முக்கியம். "ஸ்பீட், ஸ்பீட், ஸ்பீட்" வந்தால் விமானத்தின் ஆற்றல் குறைகிறது, த்ரஸ்ட் போதவில்லை என்று பொருள். "சிங்க் ரேட்" என்றால் இறங்கும் வேகம் அதிகம். "கிளைட் ஸ்லோப்" என்றால் பாதையை விட்டுக் கீழே போகிறாய். "புல் அப்" வந்தால் பேச்சே இல்லை. ஆட்டோ பைலட் கழன்றுகொண்டால் குதிரைப்படை பாயும்போது ஊதும் எக்காளம் போல ஒரு ஒலி வரும். கொந்தளிப்பில் அது தானாகவே கழன்றுகொள்ளவும் கூடும். அப்போது கையில் வாங்கி ஓட்ட வேண்டியதுதான், அதற்காக மட்டும் மேலே ஏற வேண்டியதில்லை.

காற்றுக்கென்றே இருப்பது விண்ட்ஷியர் எச்சரிக்கை. அதாவது காற்றின் வேகமோ திசையோ குறுகிய தூரத்தில் சட்டென்று மாறுவது. இதில் இரண்டு வகை உண்டு. பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்வார்கள்.

ஒன்று முன்கூட்டிச் சொல்வது. மூக்கில் இருக்கும் வானிலை ரேடார் எதிரே உள்ள மழைத்துளிகளின் ஓட்டத்தை அளந்து "கோ அரவுண்ட், விண்ட்ஷியர் அஹெட்" என்று சொல்லும். நீங்கள் இன்னும் அதற்குள் நுழையவில்லை. ஆகவே வழக்கமான கோ-அரவுண்ட் செய்யலாம். ஃபிளாப்பை, அதாவது மெதுவாகப் பறப்பதற்காக இறக்கையில் நீட்டும் மடலை, ஒரு படி ஏற்றலாம், மேலே ஏறுவது உறுதியானதும் சக்கரத்தை மடக்கலாம்.

இரண்டாவது, நுழைந்த பிறகு சொல்வது. "விண்ட்ஷியர், விண்ட்ஷியர், விண்ட்ஷியர்" என்று மூன்று தடவை வரும், எதிரே உள்ள திரையில் சிவப்பில் எழுத்தும் வரும். இங்கே முழு த்ரஸ்ட், திரை காட்டும் குறியின்படி மூக்கைத் தூக்கு, தேவையானால் ஸ்டிக்கை முழுவதும் பின்னால் இழு. ஃபிளாப்பையும் சக்கரத்தையும் தொடக்கூடாது. வெளியே வந்துவிட்டோம் என்று உறுதியாகும் வரை எதுவும் மாறக்கூடாது.

அவசரத்தில் இரண்டும் காதுக்கு ஒரே மாதிரி ஒலிக்கும். கை செய்ய வேண்டிய வேலை மட்டும் வேறு. நோக்கர் சொல்வது இந்த இடத்தில்தான் நூற்றுக்கு நூறு சரி. இதை 200 அடியில் நினைவுபடுத்திக்கொள்ள முடியாது.

737_மாறன்

கதிர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எங்கள் பக்கத்தில், போயிங் 737-800ல், வீச்சுக் காற்று (திடீர் திடீரென்று வேகம் எகிறும் காற்று) இன்னொரு விதமான ஆச்சரியத்தைத் தரும்.

காற்று வீசும் நாளில் அணுகும் வேகத்தைக் கூட்டிப் பறப்போம். த்ரஸ்டைத் தானே சரிசெய்யும் ஆட்டோ த்ராட்டில் இல்லாமல் ஓட்டினால் எதிர்காற்றில் பாதியும், வீச்சில் முழுவதும் சேர்ப்போம், ஒரு உச்சவரம்புக்குள். ஏர்பஸில் எதிர்காற்றில் மூன்றிலொரு பங்கு, 5 முதல் 15 நாட் வரை. எண்ணம் ஒன்றுதான், திடீரென்று எதிர்காற்று விழுந்தாலும் கையில் கொஞ்சம் வேகம் மிச்சம் இருக்கட்டும்.

இப்போது ஃபிளாப் 40ல் (முழுவதும் நீட்டிய நிலை) இறங்குகிறோம் என்று வையுங்கள். அதன் வேக வரம்பு 162 நாட். கூட்டிய வேகத்தின் மேல் ஒரு பெரிய வீச்சு வந்து 163ஐத் தொட்டால், யாரும் லீவரைத் தொடாமலே ஃபிளாப் 40லிருந்து 30க்குத் தானாக ஏறிவிடும். உலோகத்தைக் காப்பாற்றுவதற்கான ஏற்பாடு அது. ஒரு விளக்கு எரியும். லீவர் 40லேயே நிற்கும், காட்டி 30ஐக் காட்டும். இதை முன்பு பார்த்திராத ஒருவர் 400 அடியில் ஃபிளாப் பழுது என்று நினைத்துத் தலையைக் குனிந்து தேடத் தொடங்கினால் ஆபத்து. வேகம் குறைந்ததும் ஃபிளாப் திரும்ப வந்துவிடும். இதற்காகத்தான் பலர் வீச்சுள்ள நாளில் ஃபிளாப் 30ஐத் தேர்ந்தெடுக்கிறோம்.

ஆனால் பில்பாவோ விஷயத்தில் எனக்குக் கோபம் உண்டு. கேப்டன் இழுத்தால் விமானம் கேட்க வேண்டும். எங்கள் விமானத்தில் ஸ்டால் நெருங்கினால் ஸ்டிக் அதிரும், எச்சரிக்கும், ஆனால் இழுக்க விடும். கடைசி முடிவு மனிதனுடையது.

பழைய_ரேடார்

பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்து மகிழ்ச்சி. நான் ஏவியானிக்ஸ் (விமான மின்னணுக் கருவிகள்) பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்றவன். இந்தக் குரல்கள் எங்கிருந்து வந்தன என்பது தெரிந்தால், அவற்றை எவ்வளவு நம்பலாம் என்பதும் தெரியும்.

1975 ஜூன் 24ல் நியூயார்க் கென்னடி விமான நிலையத்தில் ஈஸ்டர்ன் 66 விழுந்தது. அதை ஆராய்ந்த ஃபுஜிட்டா என்ற வானிலை அறிஞர்தான், இடிமேகத்திலிருந்து காற்று ஒரு தூண் போல இறங்கித் தரையில் மோதி எல்லாப் பக்கமும் சிதறுகிறது என்ற கருத்தை முன்வைத்தார். பல ஆண்டுகள் பலர் நம்பவில்லை. 1985 ஆகஸ்ட் 2ல் டாலஸில் டெல்டா 191 அதே மாதிரி ஒரு தூணுக்குள் புகுந்தது. முதலில் எதிர்காற்று வந்து வேகம் கூடும், பைலட் த்ரஸ்டைக் குறைப்பார். அடுத்து கீழிழுப்பு. அடுத்து பின்காற்று. வேகம் போய்விடும். தரையில் இருந்த ஒருவரையும் சேர்த்து 137 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் அமெரிக்கா 1988ல் விண்ட்ஷியர் கருவியைக் கட்டாயமாக்கியது.

சரி, கருவி வந்துவிட்டது, கவலை தீர்ந்ததா? 1994 ஜூலை 2, வட கரோலினாவில் சார்லட். யுஎஸ்ஏர் 1016, ஒரு டிசி-9. அதில் விண்ட்ஷியர் கருவி இருந்தது. மழைத்திரைக்குள் நுழைந்ததும் ஓடுபாதை மறைந்தது, கோ-அரவுண்ட் தொடங்கினார்கள். வழக்கப்படி ஃபிளாப்பை 40லிருந்து 15க்கு ஏற்றினார்கள். அந்தக் கருவியின் மென்பொருளில், ஃபிளாப் நகர்ந்துகொண்டிருக்கும்போது உணர்திறனைக் குறைத்து வைத்திருந்தார்கள். ஃபிளாப் நகரும்போது வரும் பொய் எச்சரிக்கைகளைத் தவிர்க்கத்தான் அப்படி. விமானம் கடும் விண்ட்ஷியருக்குள் இருந்தது, கருவி வாயே திறக்கவில்லை. உள்ளே இருந்த 57 பேரில் 37 பேர் இறந்தார்கள். விசாரணை வாரியம் அந்த மென்பொருள் குறையைக் காரணங்களில் ஒன்றாகவே எழுதியது.

மாறன் தம்பி கோபப்படுவது புரிகிறது. ஆனால் பாருங்கள், இங்கே கணினி யாரையும் தடுக்கவில்லை. பேச வேண்டிய நேரத்தில் பேசாமல் இருந்தது, அவ்வளவுதான்.

ஓடுபாதை_நோக்கர்

ஐயா, இந்த விவரம் என் முதல் பதிவில் ஒரு ஓட்டை இருப்பதைக் காட்டுகிறது. "எந்த ஒலிக்கு என்ன செய்வது" என்று பேசி வைப்பது போதாது. ஒலி வராமல் போனால் எதைப் பார்த்து முடிவெடுப்பது என்பதும் அந்தப் பேச்சில் இருக்க வேண்டும். வேகக்காட்டி இத்தனை நாட் சட்டென்று விழுந்தால், இறங்கு வேகம் இத்தனையைத் தாண்டினால், த்ரஸ்ட் வழக்கத்துக்கு மாறாக நீண்ட நேரம் குறைந்தே நின்றால் என்று கண்ணால் பார்க்கும் குறிகள்.

டெல்டா 191ல் முதலில் வந்தது வேகம் கூடியதுதான். அது நல்ல செய்தி போலத் தோன்றும். அதை ஆபத்தாகப் படிக்கத் தெரிய வேண்டும்.

மேகலா_வானிலை

வானிலை படிக்கும் மாணவி என்ற முறையில் இரண்டு விஷயங்கள்.

கோபுரத்திலிருந்து பைலட்டுக்குச் சொல்லப்படும் காற்று, கடந்த 2 நிமிடச் சராசரி. வானிலை அறிக்கையில் வருவது 10 நிமிடச் சராசரி. சராசரியைவிட 10 நாட் அல்லது அதற்கு மேல் உச்சம் போனால்தான் வீச்சு என்று பொதுவாக அறிவிப்பார்கள். அளக்கும் கம்பம் ஓடுபாதைப் பக்கத்தில் 10 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. விமானமோ ஒரு கிலோமீட்டர் தள்ளி 200 அடியில் இருக்கிறது. இரண்டு இடத்திலும் ஒரே காற்று இருக்க வேண்டிய அவசியமில்லை. பில்பாவோவில் மலைகளைத் தாண்டித் தெற்கிலிருந்து காற்று வரும்போது ஓடுபாதையை ஒட்டிச் சுழல்கள் உருவாகும். கம்பம் மிதமான காற்றைக் காட்டும்போதே அணுகுபாதையில் காற்று மேலும் கீழுமாக அடிக்கலாம்.

இன்னொன்று கதிர் சொன்ன ரேடார். அது பார்ப்பது நீர்த்துளியை. மழையோடு வரும் கீழிறங்கு காற்றை அது நன்றாகப் பிடிக்கும். மலையில் மோதி வறண்டு புரளும் காற்றில் துளி இல்லையென்றால் அதற்குக் கண்ணே தெரியாது. ஹாங்காங் விமான நிலையத்துக்கு இதே சிக்கல். பக்கத்திலேயே லந்தாவ் தீவின் மலைகள். அதனால்தான் ஹாங்காங் வானாய்வகம் லேசர் கற்றையை அனுப்பிக் காற்றில் மிதக்கும் நுண்துகளின் அசைவை அளக்கும் லைடார் கருவியை வைத்து, 2005ல் அதிலிருந்து விண்ட்ஷியர் எச்சரிக்கை கொடுக்கத் தொடங்கியது. மழை இல்லாத நாளிலும் அது பார்க்கும்.

ஆக, ரேடார் அமைதியாக இருக்கிறது என்றால் காற்று அமைதியாக இருக்கிறது என்று பொருள் கொள்ள முடியாது.

கதிர்320

மேகலா சொன்னது மிக முக்கியம். நன்றி தங்கச்சி.

மாறன் அண்ணா, பில்பாவோ பற்றி ஒரு வார்த்தை. தாக்குகோணப் பாதுகாப்பே தவறு என்ற முடிவுக்கு நான் வரமாட்டேன். இறக்கை காற்றை எந்தக் கோணத்தில் சந்திக்கிறது என்பதுதான் தாக்குகோணம். அது ஒரு எல்லையைத் தாண்டினால் இறக்கை தூக்குவதை நிறுத்திவிடும். 150 அடியில் அப்படி நடந்தால் மீளவே முடியாது. அந்தப் பாதுகாப்பு இருப்பதால்தான் விண்ட்ஷியரில் எங்களிடம் "முழுவதும் இழு" என்று தைரியமாகச் சொல்ல முடிகிறது. எவ்வளவு இழுத்தாலும் விமானம் எல்லையிலேயே நிற்கும். உங்கள் விமானத்தில் ஸ்டிக் அதிரத் தொடங்கும் இடத்தைத் தேடித் தேடி, அதை ஒட்டிக் கையால் பிடித்து நிற்க வேண்டும். இருட்டில், கொந்தளிப்பில், அது கடினமான வேலை.

பில்பாவோவில் தவறானது பாதுகாப்பின் கணக்கு. கீழிருந்து மேலே அடித்த காற்றினாலும் ஸ்டிக்கை இழுத்ததாலும் கோணம் வேகமாகக் கூடியது. அந்த வேகத்தைப் பார்த்துவிட்டுக் கணினி தேவைக்கு மேல் எச்சரிக்கையாக நடந்து, மூக்கைக் கீழே கொண்டுபோனது. ஏர்பஸ் பிறகு அந்தக் கணக்கை மாற்றியது. அது மாறும் வரை, கடும் கொந்தளிப்பில் ஃபிளாப் 3ல் (முழுவதும் நீட்டாத நிலை), குறைந்தபட்ச வேகத்துக்கு மேல் 10 நாட் கூட்டி அணுகச் சொன்னார்கள். அதாவது அந்த எல்லையின் பக்கமே போகாதே என்பதுதான் உடனடி மருந்து.

737_மாறன்

ஒப்புக்கொள்கிறேன், கதிர். என் பக்கத்திலும் சொல்ல ஒரு துயரம் இருக்கிறது. இழுக்க விடும் விமானத்திலும், தள்ள விடும் விமானத்திலும் என்ன நடக்கும் என்பதற்கு அது சாட்சி.

2016 மார்ச் 19. துபாயிலிருந்து ரஷ்யாவின் ராஸ்தோவ்-ஆன்-டான் போன ஃப்ளைதுபாய் 981. 737-800. இரவு, மேகம், வீச்சுக் காற்று. முதல் அணுகலில் விண்ட்ஷியர் எச்சரிக்கை வந்தது. அழகாக மேலே ஏறினார்கள். இங்கே எல்லாரும் சொல்வதை அப்படியே செய்தார்கள். பிறகு காற்று குறையட்டும் என்று ஏறக்குறைய 2 மணி நேரம் வட்டமிட்டார்கள். இரண்டாவது அணுகலில் எதிர்காற்று சட்டென்று கூடி வேகம் எகிறியது. மறுபடி கோ-அரவுண்ட்.

இந்தத் தடவை இரண்டு செயல்முறைகள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. த்ரஸ்ட் விண்ட்ஷியருக்கான முழு அளவு. ஃபிளாப்பும் சக்கரமும் வழக்கமான கோ-அரவுண்டில் போல மடக்கப்பட்டன. எரிபொருள் எரிந்து இலகுவாகிவிட்ட விமானம் இவ்வளவு த்ரஸ்டில் மூக்கைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது. வெளியே அடிவானம் தெரியாது. இப்படி முன்னோக்கி வேகமெடுக்கும்போது உள்காது, மூக்கு இன்னும் மேலே போகிறது என்று பொய் சொல்லும். கேப்டன் முன்னால் தள்ளினார், மூக்கைக் கீழே கொண்டுவரும் டிரிம் சுவிட்சை 12 நொடி அழுத்திப் பிடித்திருந்தார். 62 பேரும் இறந்தார்கள்.

கதிர் மேலே எழுதிய இரண்டு வகை வித்தியாசத்தைத் திரும்பப் படியுங்கள். வழக்கமானது வேறு, தப்பிக்கும் முறை வேறு, இரண்டையும் கலக்காதே என்று ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்பது இதில் தெரியும். சார்லட்டிலும் இதே கலப்புதான். உள்ளே விண்ட்ஷியர் இருக்கும்போது வழக்கமான முறைப்படி ஃபிளாப்பை ஏற்றினார்கள்.

சன்னல்_இருக்கை

படிக்கவே நெஞ்சு கனக்கிறது. மேலே ஏறுவதே பாதுகாப்பு என்று நினைத்திருந்தேன்.

2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் நாளில் சென்னையில் ஒரு ஏர்பஸ் தரையை ஒட்டி வந்து ஆடிச் சாய்ந்து, கடைசியில் மேலே ஏறிப்போன காணொளியை எல்லாரும் பார்த்திருப்போம். "பைலட்டுக்கு இறக்கத் தெரியவில்லை" என்றும் "உயிரோடு விளையாடினார்" என்றும் எத்தனை பேர் எழுதினார்கள். அது சரியா தவறா?

கதிர்320

அக்கா, அந்தக் காக்பிட்டில் என்ன ஒலித்தது என்பது எனக்குத் தெரியாது, அதனால் அதைப் பற்றித் தீர்ப்பு சொல்லமாட்டேன். மேலே ஏறியதைப் பற்றி மட்டும் சொல்வேன். சக்கரம் தரையைத் தொடும் நிலையிலும், ஏன், தொட்ட பிறகும்கூட, விமானத்தை நிறுத்த இன்ஜின் விசையை முன்பக்கம் திருப்பும் ரிவர்ஸ் த்ரஸ்டை இழுக்கும் வரை மேலே ஏறும் உரிமை பைலட்டுக்கு உண்டு. அவர் அதைப் பயன்படுத்தினார். காணொளி எடுத்தவருக்கு அது பயங்கரம். உள்ளே அது பயிற்சி செய்த ஒரு செயல்.

எங்களுக்கு உண்மையான கவலை மேலே ஏறாதவர்களைப் பற்றியது. ஃப்ளைட் சேஃப்டி ஃபவுண்டேஷன் என்ற விமானப் பாதுகாப்பு அமைப்பு ஆராய்ந்தபோது, நிலைகுலைந்த (வேகமோ உயரமோ சரியாக அமையாத) அணுகல்களில் 3 சதவீதம் அளவுக்குத்தான் கோ-அரவுண்டில் முடிகின்றன என்று வந்தது. மற்ற எல்லாரும் "சமாளித்துவிடலாம்" என்று தொடர்கிறார்கள். பெரும்பாலும் சமாளித்தும் விடுகிறார்கள். அடுத்த தடவையும் தொடரச் சொல்வது அந்த அனுபவம்தான்.

பழைய_ரேடார்

காது கேட்காமல் போவதையும் பேச வேண்டும். இது கேலியில்லை. வேலைச்சுமை உச்சத்தில் இருக்கும்போது மூளை முதலில் கைவிடுவது ஒலியைத்தான். 2020 மே 22ல் கராச்சியில் பாகிஸ்தான் இன்டர்நேஷனல் 8303, உங்கள் 320 வகைதான் கதிர். அன்று காற்று பிரச்சினையே இல்லை. மிக உயரத்தில், மிக வேகமாக அணுகினார்கள். வேக மீறல் எச்சரிக்கை, சக்கரம் இறங்கவில்லை என்ற எச்சரிக்கை, தரை நெருக்க எச்சரிக்கை என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஒலித்துக்கொண்டே இருந்தன. சக்கரம் இல்லாமலே இரண்டு இன்ஜினும் ஓடுபாதையில் உரசின. பிறகு மேலே ஏறினார்கள், அடிபட்ட இன்ஜின்கள் நின்றுபோயின. விமானத்தில் இருந்த 99 பேரில் இருவர்தான் பிழைத்தார்கள்.

நான் வேலையில் இருந்த காலத்தில் ஒரு எச்சரிக்கைக் கருவியைச் சோதித்து, சரியாக ஒலிக்கிறது என்று கையெழுத்துப் போடுவோம். ஒலிப்பது வரைதான் எங்கள் வேலை. அதைக் கேட்க வைப்பது, காக்பிட்டில் இருக்கும் இரண்டாவது மனிதரின் குரல். கருவி "சிங்க் ரேட்" என்று சொன்னால், பக்கத்தில் இருப்பவரும் வாய்விட்டு "கோ-அரவுண்ட்" என்று சொல்ல வேண்டும். மனிதக் குரல் உள்ளே போகும்.

737_மாறன்

ஐயா சொன்னதில் ஒரு எழுத்துகூட மாற்ற வேண்டாம். ஆனால் அந்தக் குரல் வந்த பிறகும் தாமதமாகலாம். 2020 ஆகஸ்ட் 7ல் கோழிக்கோட்டில், மழையில், பின்காற்றோடு வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 1344 ஓடுபாதையின் பாதித் தூரத்தில்தான் தரையைத் தொட்டது. பக்கத்தில் இருந்தவர் "கோ-அரவுண்ட்" என்று சொன்னது பதிவாகியிருக்கிறது. அது செயலாகவில்லை. 21 பேர் இறந்தார்கள். இப்போதெல்லாம் பல நிறுவனங்களில் விதி தெளிவு. யார் சொன்னாலும், ஜூனியரே சொன்னாலும், கோ-அரவுண்ட் என்ற சொல் வந்துவிட்டால் விவாதம் கிடையாது. காரணத்தை மேலே போய்ப் பேசிக்கொள்ளலாம்.

ஓடுபாதை_நோக்கர்

இவ்வளவு நேரம் எழுதிய எல்லாருக்கும் நன்றி. கதிர், மாறன், ஒரே ஒரு கேள்வி. நீங்கள் இறங்கத் தொடங்கும் முன் உண்மையில் என்ன பேசிக்கொள்கிறீர்கள்? பாடப்புத்தக வடிவில் வேண்டாம். வீச்சுக் காற்று நாளில் வாயிலிருந்து வரும் சொற்களைச் சொல்லுங்கள்.

கதிர்320

சரி, ஏறக்குறைய அப்படியே எழுதுகிறேன். ஆளுக்கு ஆள் மாறும்.

"காற்று இடப்பக்கத்திலிருந்து 25, வீச்சு 38. நம் பக்கக்காற்று வரம்பு இது, இதைத் தாண்டிக் கோபுரம் சொன்னால் அங்கேயே விட்டுவிடுவோம். ஃபிளாப் 3. வேகக் குறி காற்றோடு சேர்ந்து ஏறி இறங்கும், அதைத் துரத்த வேண்டாம். 1,000 அடியில் நிலையாக இல்லையென்றால் மேலே. அஹெட் என்று சொன்னால் சாதாரண கோ-அரவுண்ட், ஃபிளாப் ஒரு படி ஏற்று. மூன்று தடவை விண்ட்ஷியர் என்று சொன்னால் டோகா (முழு த்ரஸ்ட்), எதையும் தொடாதே, நீ ரேடியோ உயரத்தையும் (தரையிலிருந்து உள்ள உயரம்) ஏறும் வேகத்தையும் சத்தமாகப் படித்துக்கொண்டே இரு. எச்சரிக்கை வராமல் வேகம் 15 நாட் விழுந்தாலும் அதையே செய்வோம். 50 அடிக்குக் கீழே விண்ட்ஷியர் குரல் வராது, அங்கே நம் கண்தான். நான் ஓட்டும்போது உன் கை ஸ்டிக்குக்குப் போகக்கூடாது. எடுக்க வேண்டும் என்றால் பொத்தானை அழுத்தி, 'என் கட்டுப்பாடு' என்று சொல்லி எடு."

கடைசி வரி ஏன் என்றால், எங்கள் இரண்டு சைட்ஸ்டிக்குகளும் ஒன்றோடொன்று இணைக்கப்படாதவை. இருவரும் ஒரே நேரத்தில் அசைத்தால் கணினி இரண்டையும் கூட்டிக்கொள்ளும். காற்றில் ஆடும்போது பக்கத்தில் இருப்பவருக்குக் கை துடிக்கும். உதவி செய்வதாக நினைத்து அவர் கொஞ்சம் இழுத்தால், நான் இழுத்ததோடு அது சேர்ந்துவிடும். அப்போது "டூயல் இன்புட்" என்று குரல் வரும். தரையிறங்கும் நொடியில் வரும் அந்தக் குரலும் ஒரு தேவையில்லாத அதிர்ச்சி.

737_மாறன்

என் பேச்சும் கிட்டத்தட்ட இதேதான். நான் சேர்ப்பது இரண்டு. ஒன்று, "ஃபிளாப் லோட் ரிலீஃப் விளக்கு எரிந்தால் சொல்லு, தேடாதே." இன்னொன்று, ராஸ்தோவுக்குப் பிறகு சேர்த்தது: "மேலே ஏறினால் எந்த முறை என்று நான் வாய்விட்டுச் சொல்வேன். சொன்ன பிறகு மாற்றமாட்டேன். விமானம் இலகுவாக இருக்கிறது, மூக்கு எகிறும், என் கண் அடிவானக் காட்டியில்தான் இருக்கும். மூக்கு 10 டிகிரிக்குக் கீழே போனால் சத்தம் போடு."

எரிபொருள் பேச்சும் அங்கேயே முடிந்துவிடும். இரண்டு தடவை முயன்று முடியவில்லையென்றால் எந்த ஊருக்குப் போகிறோம், அதற்கு எவ்வளவு வேண்டும், எந்த அளவு வந்ததும் கிளம்புகிறோம் என்பது. மூன்றாவது தடவை முயல எரிபொருள் இருந்தாலும் முயலமாட்டேன்.

சன்னல்_இருக்கை

அந்த "இரண்டு தடவை" எல்லா நிறுவனத்திலும் சட்டமா, இல்லை உங்கள் சொந்த முடிவா?

737_மாறன்

பல நிறுவனங்களின் கையேட்டில் உண்டு, வானிலை நன்றாகத் தேறினால் ஒழிய மூன்றாவது கூடாது என்று. என் நிறுவனத்தில் அப்படித்தான். விதி இல்லாத இடத்தில் வேலை பார்த்தபோதும் நான் இரண்டோடு நிறுத்திக்கொண்டேன். களைத்த கையும் அவசரப்படும் மனமும் சேர்ந்து செய்யும் மூன்றாவது அணுகலை நான் நம்பவில்லை.